கவனக்குறைவு தாய்மாருடையது அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் பிள்ளைகளும் ஒன்லைன் கேம்களும் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு வரி வந்தது: தேயிலைத் தோட்டப்புறப் பெற்றோரின் கவனக்குறைவால்தான் பிள்ளைகள் இப்படிப் பணத்தைத் தொலைக்கிறார்களாம். அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை, ஆனாலும் வாசித்து முடித்தேன். உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் வாங்குவது கொழுந்தெடுக்கும் என் அம்மாதான். அந்த வரி அவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

நான் ஹட்டனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். போனுக்கு ரீலோட் காசும் போடுகிறோம். இரவில் நானும் கேம் விளையாடுகிறவன்தான். கேம் மீது வெறுப்புக் கொண்டு இதை எழுதவில்லை.

மாலையில் வேலை விட்டு டவுனுக்கு வரும் தாய்மார் கடையில் போனை நீட்டி, "தம்பி, நேத்துதான் காசு போட்டேன். ஒருத்தர்கிட்டயும் பேசல. எங்க போச்சுன்னு பாருங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் கேம் கட்டணம் கழிந்ததாக ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் இருக்கும். போன் மீதியிலிருந்தே கேமுக்குக் காசு கட்டலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியதில்லை. சிம் விற்றவரும் சொல்லவில்லை. தெரியாத கதவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவது? கட்டுரையாளர் இதையா கவனக்குறைவு என்கிறார்?

அந்தக் கேம்களில் விலை எப்படி வைக்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு பந்திகூட இல்லை. எங்கள் பிள்ளைகள் அதிகம் விளையாடும் கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிக்கொள்ளக் காசில்லை. உள்ளே போனதும் எதற்கும் ரூபாயில் விலை இருக்காது, எல்லாம் டயமண்ட், அதாவது காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம். பரிசுகள் வைத்த ஒரு சக்கரம் சுற்றும். முதல் சுற்றுக்கு 9 டயமண்ட், பிள்ளையும் பெரிய விஷயமாக நினைக்காது. அடுத்தது 19, பிறகு 39, 69, 99, 149, 199. கேமில் தன் ஆளுக்குப் போட ஆசைப்பட்ட உடுப்பு இன்னும் பரிசாக விழவில்லை என்றால் கடைசிச் சுற்றுக்கு 499. எட்டையும் கூட்டினால் 1082 டயமண்ட். அது ஏறக்குறைய பத்து டொலர், நம் இலங்கைக் காசில் 3000 ரூபாய்க்கு மேல். ஏழு சுற்றுக்குக் காசு கட்டிய பிள்ளை எட்டாவதில் விட்டு எழும்புமா? அந்த இடத்தில் நிறுத்த முடியாது என்று தெரிந்துதான் அந்தப் பெரிய விலையைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நேரம் குறைந்துகொண்டே போகும் ஒரு கடிகாரமும் ஓடும்.

அந்த 3000 ரூபாய் எங்கள் கணக்கில் எவ்வளவு என்பது தங்களுக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காகத் தெருவில் நின்று, அது 2021இல் கிடைத்தது. 2024இல் 1350 என்று வர்த்தமானி வந்தது. அதுவும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அட்டைக்கடியோடு சேர்த்த ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு அந்தச் சக்கரத்தில் போய்விடுகிறது.

வாங்காமல் விளையாடினால் என்ன என்று கேட்பீர்கள். விளையாடலாம். ஆனால் காசு கட்டாத பிள்ளை என்ன படுகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். என் தம்பி சாதாரண தரம் படிக்கிறான், நன்றாகச் சுடுவான். ஆனாலும் கேமே கொடுத்த வெறும் சட்டையோடு நிற்பதால் குழுவில் சேர்க்க மாட்டார்கள், மைக்கில் வைத்துச் சிரிப்பார்கள். துப்பாக்கிக்குப் போடும் சில அலங்கார ஸ்கின்களுக்குச் சூடு கூடுதலாகப் படும்படியும் வைத்திருக்கிறார்கள். திறமையால் வெல்ல வேண்டிய இடத்தில் பர்ஸ் வெல்கிறது. வகுப்பில் சப்பாத்து இல்லாமல் நின்ற கூச்சத்தை எங்கள் பிள்ளைகள் போனுக்குள்ளும் படவேண்டுமா?

உடுப்பு விற்பதையே நான் குற்றம் சொல்லவில்லை. கேம் செய்கிறவனுக்கும் சம்பளம் வேண்டும், சேர்வருக்கும் செலவிருக்கிறது. விலையை வெளிப்படையாகப் போட்டு ஒரு முறை வாங்கவைக்கும் கேம்கள் எத்தனையோ உண்டு. கணினிக் கேம்கள் விற்கும் ஸ்டீம் இணையக் கடை 2023இல் தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலை முறை கொண்டுவந்தது, அதில் இலங்கையும் இருக்கிறது. எங்கள் வருமானத்தைப் பார்த்து விலை வைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மற்ற நாடுகள் இதைத் தாய்மார் தலையில் கட்டவில்லை. காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும் லூட் பொக்ஸ்களை பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. சீனாவில் 2019 முதல் 8 வயதுக்குக் குறைந்தவர் காசு கட்டவே முடியாது, 16 வயதுக்குள் மாதம் 200 யுவானுக்கு மேல் கட்ட முடியாது. அமெரிக்காவில் போர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம், ஆட்களை அறியாமல் வாங்கவைத்ததற்காக 24.5 கோடி டொலர் திருப்பிக் கொடுக்க 2022இல் ஒத்துக்கொண்டது. ஒரு பொத்தான் பட்டாலே காசு போகும்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. அங்கே நிறுவனத்தைக் கேட்டார்கள். இங்கே தோட்டத்து லயத்தில் இருக்கும் தாயைக் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் போன்கள் எங்கள் வீட்டுக்குள் விளையாட வரவில்லை. 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, ஒன்லைனில் படி என்றார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய போன்கள் அவை. சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். அப்போது தோட்டத்துப் பெற்றோரின் கவனத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. தீபாவளி முற்பணம், மண்சரிவு, சம்பளப் பேச்சுவார்த்தை, இவற்றுக்குத்தான் எங்கள் முகங்கள் உங்கள் பக்கங்களில் வருகின்றன. பந்து விளையாட ஒரு மட்டமான நிலம் இல்லாத தோட்ட டிவிஷன்கள் எத்தனை என்று ஒரு நிருபரை அனுப்பிப் பார்த்திருக்கலாம். வெயில் காய்ந்தாலும் மழை பெய்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே மைதானம் போன்தான்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது எப்படி, போன் மீதியிலிருந்து கேம் கட்டணம் கழிவதை நிறுத்த ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்திடமும் என்ன சொல்லவேண்டும், இந்த இரண்டையும் விசாரித்து, படத்தோடு, பெரிய எழுத்தில், தமிழில் ஒரு கால் பக்கம் போடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அழைத்துப் பேசத் தெரியாதவர்கள் வாசிப்பார்கள் என்பதை மனதில் வைத்து எழுதச் சொல்லுங்கள். அந்த இதழில் இருபது பிரதி எங்கள் கடைக்கு வேண்டும், பணம் முன்கூட்டியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஹட்டன்.