மாதம்மா அத்தையின் ரேஷன் கார்டு

பென்னாகரம்,
ஞாயிறு.

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டு நலமெல்லாம் ஸ்டேட்டஸில் பார்த்துக்கொள்கிறேன். கும்பகர்ணிக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. குழந்தை ராத்திரி முழுக்க விழித்திருக்கிறதாம், நல்லா வேண்டும் அவளுக்கு. மாதம்மா அத்தை விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வளைகாப்பில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "கவர்மெண்ட்ல சும்மா கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைக் கெடுக்கிறாங்க." அன்றைக்கு வாய் நிறைய மைசூர்பாகு, பதில் சொல்ல முடியவில்லை. எம்.ஜி.ஆர். 1982ல் ஆரம்பித்த சத்துணவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவாமலே மறுபடி வரிசையில் போய் நின்றது யார்? ராஜேஸ்வரி டீச்சரைக் கேட்டால் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் புளியங்கொட்டை வறுத்துத் தருவாளே மாதம்மா அத்தை, மாமா போன பிறகு அந்த ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். ஒரே மகன் மாதேஷ் உங்கள் ஓசூரில்தான், ஏதோ கம்பெனியில் வேலை. பெண்டாட்டி பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டான். ஆனால் அவன் பேர் இன்னும் அம்மாவின் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. வினையே அதுதான்.

2023 ஜூலை 24ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் நம் தொப்பூருக்கே வந்து மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமைத் தொடங்கிவைத்தார், ஞாபகமிருக்கும். அத்தையும் மனு கொடுத்தாள். வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் கூடாது; கரண்ட் வருடத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. அத்தை வீட்டில் எரிவது ஒரு பல்பு. செப்டம்பர் 15ல் திட்டம் தொடங்கி, ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மேல் ஆயிரம் ரூபாய் போனது. தெருவில் போனெல்லாம் கிணுகிணுத்தது, அத்தைக்கு மட்டும் வரவில்லை. விசாரித்தால், குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம்! மாதேஷ் லோன் போட்டு வாங்கிய பழைய கார். அத்தை அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. அது என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கோட்டாட்சியருக்கு மேல்முறையீடும் போட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. கார்டில் பேர் இருந்தால் ஒரே குடும்பம். எந்த அடுப்பில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் முதியோர் உதவித்தொகைக்குப் போனோம். அதே 2023ல்தான் அதை ஆயிரத்திலிருந்து 1200 ஆக்கினார்கள். (அதில் டெல்லிப் பங்கு 200 ரூபாய், 80 வயதானால் 500. நீ சொல்கிற கெடுக்கிற கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.) அதற்கு ஆதரவற்றவர் என்று விசாரித்து எழுத வேண்டும். வந்தவர் நல்ல மனுஷன். "பையன் பாத்துக்கிறதில்லைன்னு சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். அத்தை உடனே, "எம்பையன் ராசா மாதிரி இருக்கான் சாமி. அவன் என்னைப் பாக்கலைன்னு எவன் சொன்னான்?" என்று சண்டைக்கே போய்விட்டாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அத்தையை நாலு சாத்தலாம் போல இருந்தது. ராத்திரி படுத்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. மாதம் 1200 ரூபாய்க்காக ஒருத்தி தெருவே பார்க்கப் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க வேண்டுமா, விஜி? உன் மாமியாரை அப்படிச் சொல்ல வைக்க முடியுமா?

போன மாதம் ரேஷனுக்குக் கூட்டிப்போனேன். புளி தட்டித் தட்டி விரல் நுனியெல்லாம் மழமழவென்று ஆகிவிட்டது, ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தாள், விழவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து அழுத்தினாள், விழுந்தது. அரிசியில் ரெண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்கள். நீலகிரியிலும் நம் தர்மபுரி மாவட்டத்திலும்தான் முதலில் ஆரம்பித்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, "களிக்கு ஆச்சு" என்றாள். அவளைக் கெடுத்தது அவ்வளவுதான்.

நீ சொல்வது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே ரெண்டு மாடி வீட்டுக்காரி சாமர்த்தியமாகக் கார்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் வாங்குகிறாள். பிரிக்கத் தெரியாத அத்தைதான் மாட்டிக்கொண்டாள்.

இப்போது உனக்கு ஒரு வேலை. மாதேஷ் இந்தக் கார்டிலிருந்து பேரை எடுத்துவிட்டு அங்கே தனியாகக் கார்டு போட்டுக்கொள்ள வேண்டும். தனிச் சமையல், கேஸ் எல்லாம் இருக்கிறது, கிடைத்துவிடும். அத்தை கார்டில் அவள் மட்டும் நிற்பாள். பிள்ளையைப் பற்றி வாயைத் திறக்க வேண்டிய அவசியம் குறையும், காரும் போய்விடும். கார்டில் பதிந்திருப்பது அவன் நம்பர்தான், ஓடிபி அவனுக்குத்தான் போகும். என் போனை அவன் எடுப்பதில்லை. அவன் கல்யாணத்தில் நான் பேசிய பேச்சு அப்படி. நீயும் அண்ணனும் நேரில் போங்கள். திட்டாதே, அவனும் காண்ட்ராக்ட் வேலையில்தான் இருக்கிறான். கார்டு விஷயத்தை மட்டும் பேசு. ஓடிபி வந்ததும் எனக்குச் சொல்லச் சொல், மீதியை நான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தே போட்டுவிடுவேன்.

அடுத்த தடவை வரும்போது டப்பா கொண்டு வா. புதுப்புளி எடுத்து வைத்திருக்கிறேன்.

மல்லிகா