இரண்டு லட்சம் படி என்று எழுதியவனுக்கு

அன்புள்ள மணி,

உன் கட்டுரை போன மாதமே வந்துவிட்டது. பதில் போடாததற்கு மனசுக்குள் திட்டியிருப்பாய், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார், அதோடு வீட்டின் நிம்மதி போயிற்று. உன் மருமகன் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

பிரெஞ்சுப் புரட்சியை வைத்து இங்கிலாந்தில் நடந்த பிரசுரச் சண்டையைப் பற்றிய உன் கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. 1789 நவம்பரில் பாதிரியார் ரிச்சர்ட் பிரைஸ் புரட்சியைப் பாராட்டிச் செய்த பிரசங்கம், அதில் கொதித்துப்போய் அடுத்த நவம்பரில் எட்மண்ட் பர்க் புரட்சியைத் தாக்கி வெளியிட்ட புத்தகம், நாலே வாரத்தில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அதற்குக் கொடுத்த பதிலடி எல்லாம் விறுவிறு என்று போகிறது. ஆனால் பர்க்குக்கு மறுப்பாகத் தாமஸ் பெய்ன் இரண்டு பாகமாக எழுதிய நூலைப் பற்றி ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: "பெய்னின் மனித உரிமைகள் ஓரிரு ஆண்டுகளில் இரண்டு லட்சம் படி விற்றது." யார் எண்ணினார்கள் ஐயா? கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் உன்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அச்சு மேஜையிலிருந்து பார்ப்போம். அப்போது எல்லாம் மர அச்சு. இரண்டு ஆள்: ஒருவர் தோல் பந்தால் எழுத்துக்கு மை தட்டுவார், மற்றவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். ஏட்டுக் கணக்குப்படி மணிக்கு 250 இழுப்பு. நாள் முழுக்க அந்த வேகம் நிற்காது. அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். அச்சுக்கு முன்பே தாளை நனைத்து அடுக்க வேண்டும். ஈரம் சீராக இல்லாவிட்டால் மை திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஈரம் போவதற்குள் மறுபக்கம் அடிக்காவிட்டால் தாள் சுருங்கி, இரண்டு பக்கத்து வரிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. ஆக ஒரு அச்சில் மணிக்கு 125 முழுத்தாள், அதுவும் எல்லாம் ஒழுங்காகப் போனால்.

பெய்னின் இரண்டாம் பாகம் முதல் பதிப்பில் ஏறக்குறைய 12 ஃபாரம், அதாவது பதினாறு பக்கமாக மடிகிற 12 முழுத்தாள். மலிவுப் பதிப்பில் எழுத்தைச் சிறிதாக்கி ஆறாகச் சுருக்கினார்கள் என்றே வைத்துக்கொள். இரண்டு லட்சம் படிக்கு 12 லட்சம் தாள். ஒரே அச்சு தினம் 12 மணி நேரம் ஓடினால் 800 நாள். பத்து அச்சென்றால் 80 நாள். பல ஊர்களில் திருட்டுப் பதிப்பு போட்டார்கள், நடக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாள் எல்லாம் கையால் வார்த்தது. காகித இயந்திரம் இங்கிலாந்தில் ஓட ஆரம்பித்ததே 1803இல்தான். இதில் இன்னொரு சிக்கல்: ஒரு முழுப் புத்தகத்தைக் கோத்தபடி வைத்திருக்க எந்தக் கடையிலும் ஈய எழுத்து போதாது. சில ஃபாரம் அடித்ததும் எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். திடீரென்று கிராக்கி வந்தால் முதலிலிருந்து கோக்க வேண்டும். புதுப் பதிப்பில் புதுப் பிழைகள் முளைப்பது அதனால்தான். விற்காத பழைய படிக்குத் தலைப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி "மூன்றாம் பதிப்பு" என்று தள்ளிவிடுகிற வேலையும் நடந்தது. பதிப்பு எண்ணை வைத்து விற்பனையைக் கணக்குப் போடாதே. பெய்ன் பிற்காலத்தில் தானே நான்கைந்து லட்சம் என்றார்! ஆசிரியர் சொல்கிற விற்பனைக் கணக்கை எந்தப் பதிப்பாளனாவது நம்பியிருக்கிறானா? "மிகப் பரவலாக விற்றது" என்று மாற்றிவிடு.

எண்ணைவிட முக்கியமான ஒன்று உன் கட்டுரையில் இல்லவே இல்லை: விலை. 1791 மார்ச்சில் வந்த முதல் பாகத்தின் விலை 3 ஷில்லிங், அதாவது 36 பென்னி. கூலியாளுக்கு வாரச் சம்பளமே பத்து ஷில்லிங் சுமாருக்குத்தான். அரசு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. 1792இல் ஆறு பென்னிப் பதிப்பு இறங்கியது, வழக்கும் கூடவே இறங்கியது. அந்த டிசம்பர் 18 அன்று லண்டன் கில்ட்ஹாலில் அரசுத் தலைமை வழக்கறிஞர் மக்டொனால்ட் இதை மறைக்கக்கூட இல்லை. முதல் பாகம் விவரம் தெரிந்த வாசகர் கைக்குத்தான் போகும் என்று விட்டுவிட்டாராம். இரண்டாம் பாகம் எல்லா அளவிலும் வடிவிலும் திணிக்கப்பட்டதாம், குழந்தைகளின் மிட்டாயைக்கூட அதில் மடித்துக் கொடுத்தார்களாம். நாட்டுக்கு ஆபத்து மிட்டாய்ப் பொட்டலத்தில் வந்துவிட்டது! பெய்ன் செப்டம்பரிலேயே டோவர் வழியாக பிரான்சுக்குப் போய்விட்டார். அவருக்காக வக்கீல் எர்ஸ்கின் மணிக்கணக்கில் வாதாடினார். அரசுத் தரப்பு பதில் சொல்ல எழுந்தபோது, வேண்டியதில்லை என்று ஜூரித் தலைவர் சொல்லிவிட்டார். இருந்த இடத்தைவிட்டு எழாமலே குற்றவாளி என்று தீர்ப்பு.

மறுபக்கம் பார். 1793இல் வில்லியம் காட்வின் என்ற சிந்தனையாளர் கொண்டுவந்த அரசியல் நீதி நூல் இதைவிடத் தீவிரமானது. விலை 1 பவுண்ட் 16 ஷில்லிங், அதாவது 36 ஷில்லிங். யாரும் தொடவில்லை. மூன்று ஷில்லிங் மிச்சமில்லாதவனை அந்த விலைப் புத்தகம் என்ன கெடுத்துவிடும் என்று பிரதமர் பிட் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கணக்கு அதுதான்.

வரியையும் சேர்த்துக்கொள். செய்தித்தாளுக்குப் படிக்குப் படி முத்திரை வரி: 1789 முதல் 2 பென்னி, 1797இல் மூன்றரை. துண்டுப் பிரசுரத்துக்கு அப்படி இல்லை. 1712ஆம் ஆண்டுச் சட்டப்படி தாளுக்கு 2 ஷில்லிங், ஆனால் ஒரு பதிப்பில் ஒரே ஒரு படிக்குத்தான். 500 அடித்தாலும் 5,000 அடித்தாலும் அதே வரி. தாளை எட்டு இதழாக மடிக்கிற எண்மடிப்பில் ஆறு தாளைத் தாண்டினால் அது துண்டுப் பிரசுரக் கணக்கிலேயே வராது. 1790களின் சண்டை ஏன் பத்திரிகையைவிட்டுப் பிரசுரத்துக்கு வந்தது என்று கேட்டிருக்கிறாயே, பாதிப் பதில் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

இனி என் குறை. உன் கட்டுரையில் அச்சடித்தவன் எங்கே, விற்றவன் எங்கே? முதல் பாகத்தை அடித்து முடித்த ஜோசப் ஜான்சன் கடைசி நேரத்தில் பின்வாங்கியதால்தான் அது லண்டன் ஃப்ளீட் தெருப் பதிப்பாளர் ஜோர்டனிடம் போனது. இரண்டாம் பாகத்தை அச்சிட்ட தாமஸ் சாப்மன் உரிமையையே வாங்கப் பார்த்தார்: 100 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்), பிறகு 500, கடைசியில் 1,000. பெய்ன் மறுத்தார். உரிமை கைமாறினால் வாங்கியவன் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், மொத்தமாகப் புதைத்தும் விடலாம். அப்புறம் 112ஆம் பக்கத்தோடு சாப்மன் வேலையை நிறுத்தினார். அந்த எண்ணைக் கவனி: 16 பக்கத்தால் வகுத்தால் சரியாக ஏழு ஃபாரம். அடுத்த ஃபாரத்தின் கையெழுத்துப் படியில் ஆபத்தான வரி கண்ணில் பட்டது என்று பெய்னுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். நாடாளுமன்றம் திறக்கும் நாளில் வர வேண்டிய நூல் 1792 பிப்ரவரி நடுவில்தான் வந்தது. அரசு ஆள் விட்டுத் தாமதப்படுத்தியது என்று பெய்ன் சந்தேகப்பட்டார். சாப்மனுக்குக் குலை நடுங்கியதே போதும் என்பது என் எண்ணம்.

பயம் வீணல்ல, மணி. ஆசிரியர் பெயரில்லாமல் எழுதலாம், கடல் தாண்டி ஓடலாம். கடைக்காரனுக்குக் கடையும் விலாசமும் இருக்கிறது. பெய்னை விற்றதற்காக ரிட்ஜ்வே, சைமண்ட்ஸ் இருவரும் நியூகேட் சிறையில் கிடந்தார்கள். அங்கிருந்தபடியே பதிப்புத் தொழிலும் நடத்தினார்கள். லெஸ்டரில் புத்தகக் கடைக்காரர் ரிச்சர்ட் பிலிப்ஸுக்கு 18 மாதம். ஸ்காட்லாந்தில் சீர்திருத்தம் கேட்ட வக்கீல் தாமஸ் மியூருக்கு 14 ஆண்டு நாடுகடத்தல். பெய்னைப் பரப்பியதும் குற்றச்சாட்டில் ஒன்று. அரசைத் தாக்கிக் கில்பர்ட் வேக்ஃபீல்ட் எழுதிய பிரசுரத்தை விற்றதற்காக, அத்தனை ஜாக்கிரதைக்காரரான ஜான்சனுக்கே 1799இல் ஆறு மாதம் கிடைத்தது. வேக்ஃபீல்ட் டார்செஸ்டர் சிறையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வெளியே வந்த அதே 1801இல் இறந்துபோனார். இவர்களுக்கு உன் கட்டுரையில் அரைப் பத்தியாவது வேண்டாமா?

பதிப்பாளர் ஈட்டனையும் விட்டுவிடாதே, சிரிக்க ஓர் இடம் வேண்டும். சாமானியரைப் பன்றிக் கூட்டம் என்று பர்க் சொன்னாரா, அதையே பிடித்துக்கொண்டு புத்தகக் கடைக்காரர் ஸ்பென்ஸ் ‘பன்றித் தீனி’ என்று பத்திரிகை போட்டார், ஈட்டன் ‘பன்றிக் கழுநீர்’ என்று போட்டார். அதில் கொடுங்கோல் சேவல் ஒன்றின் கதை, தலையை வெட்டிவிடுகிறார்கள். குற்றப்பத்திரிகையில் சேவல் வருகிற இடமெல்லாம் "அதாவது நம் மன்னர்" என்று எழுத வேண்டியதாயிற்று. சேவலைக் கண்டதும் மன்னர் ஞாபகம் வந்தது யாருக்கு என்று தற்காப்பு வக்கீல் மடக்கினார். 1794 பிப்ரவரியில் விடுதலை. இரண்டு வருஷம் முன்பு வந்த ஃபாக்ஸின் அவதூறுச் சட்டம் இல்லையென்றால், எழுதியது அவதூறா என்று நீதிபதியே முடிவு செய்திருப்பார். அச்சிட்டது இவர்தானா என்பதோடு ஜூரியின் வேலை முடிந்திருக்கும்.

பெய்ன் கட்சிக்கு எதிராக ஏழைகளுக்கு நீதிக்கதை எழுதிய ஹன்னா மோர் பற்றி நீ எழுதியதில் வெறும் கேலிதான் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு வியாபாரம் தெரியும். 1795 மார்ச்சில் தொடங்கிய மலிவுப் பிரசுரங்கள் அரை பென்னியிலிருந்து ஒன்றரை பென்னி வரை. தெருவில் விற்கிற கதைப் புத்தகம் மாதிரியே மரக்கட்டைப் படம், கூவி விற்பவனுக்கு விலையில் கழிவு. ஒரே ஆண்டில் 20 லட்சம் என்கிறார்கள். ஆனால் பெரும்பகுதியைக் கனவான்கள் மொத்தமாக வாங்கி ஏழைகளுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். பெய்னுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: வாங்கியவன் வேறு, கையில் வைத்திருந்தவன் வேறு, படித்தவன் வேறு.

முடிவுப் பகுதியில் பொதுக்கூட்டத்தையும் அரசுக்கு எதிரான பேச்சையும் ஒடுக்கிய 1795ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்களோடு நிறுத்திவிட்டாய். 1799க்கு வா. அந்த ஆண்டுச் சட்டம், சீர்திருத்தம் கேட்ட லண்டன் தொடர்புச் சங்கத்தைப் பெயர் சொல்லித் தடை செய்தது. நமக்கு வேண்டியது அதிலுள்ள அச்சக விதிகள். அச்சு வைத்திருப்பவன் பதிவு செய்ய வேண்டும், எழுத்து வார்ப்பவனும். ஒவ்வொரு பிரசுரத்திலும் அச்சடித்தவன் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். அச்சடித்ததில் ஒரு படியை, வேலை கொடுத்தவன் பெயரை எழுதி, ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். மீறினால் 20 பவுண்ட் அபராதம். அச்சகக்காரனையே சாட்சியாக மாற்றிய விதி இது.

திருத்திய படியை அனுப்பும்போது பக்கத்துக்கு ஒரு விரல்கடை ஓரம் விட்டு எழுது, எனக்குக் குறிப்பெழுத இடம் வேண்டும். சந்திரா கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
ராகவன்