பொதி பிரிந்த பெத்திரித் தட்டுகள்: நான்காவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

உங்களிடம் வாங்கிய 90 மி.மீ. பெத்திரித் தட்டுகள் (பற்றீரியா வளர்க்கும் மூடியுள்ள தட்டுகள்) பற்றி மூன்று தடவை எழுதியாயிற்று. பற்றுச்சீட்டின் பிரதியை மறுபடியும் இணைத்துள்ளேன்.

பொதிக்கு 20 தட்டாக இரண்டு பொதி. ஒன்றின் அடி ஒட்டு விரலளவுக்குப் பிரிந்திருந்தது. அன்றே அறிவித்தோம். “உள்ளுக்க ஒண்டும் போகாது, பாவியுங்கோ” என்றார்கள். பாவித்தோம்.

லீற்றருக்கு 28 கிராம் போசணை ஏகார் (பற்றீரியா வளர உணவாகும், ஆறினால் உறையும் தூள்); 15 இறாத்தல் அமுக்கத்தில் 15 நிமிடம்; 50 பாகைக்கு ஆறவிட்டு, சுவாலைக்குப் பக்கத்தில் தட்டுக்கு 20 மில்லிலீற்றர். ஒவ்வொரு பொதியிலும் இரண்டு தட்டு, எதுவும் பூசாமல், கட்டுப்பாட்டுக்கென்று கவிழ்த்து வைத்தோம். மூன்றாம் நாள் நல்ல பொதியின் இரண்டும் தெளிவு. பிரிந்த பொதியின் இரண்டிலும் மிளகளவு மஞ்சள் புள்ளிகள், ஓரத்தில் சாம்பல் பூஞ்சணம். ஏகாரும் ஒன்று, ஊற்றிய கையும் ஒன்று. பிழை எங்கே என்று உங்களுக்குத் தெரியாதா? கட்டுப்பாட்டுத் தட்டிலேயே பற்றீரியா முளைத்தால், கை கழுவ முன்னும் பின்னும் விரல் ஒற்றிய மற்றத் தட்டுகளை எப்படி நம்புவது? பிள்ளைகளின் ஒரு தவணை உழைப்பு மண்ணாய்ப் போயிற்று.

தொலைபேசியில் உங்கள் ஆள் சொன்னது இது: “அப்ப குக்கருக்குள்ள போட்டு ஒருக்கா அவியுங்கோவன், இதுக்கெல்லாமோ கோல் எடுக்கிறியள்?” நீங்கள் விற்பது பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக் தட்டு. 100 பாகைக்குக் கிட்டவே இளகும், குக்கருக்குள் 121. ஒன்றை அவித்தும் பார்த்தோம். பொரித்த அப்பளம் போல நெளிந்து, மூடி அடியோடு ஒட்டிக்கொண்டது. விற்கிறவருக்கு இது தெரியாதென்றால் யாருக்குத் தெரியும்?

பிறகு, “வளர்ந்த தட்டைக் கொண்டு வாங்கோ” என்றார். என்ன பற்றீரியா என்றே தெரியாத தட்டைப் பஸ்ஸில் கொண்டுபோவதா? நாடா ஒட்டி, படம் எடுத்து, பிளீச் கரைசலில் ஓரிரவு ஊறவிட்டுத்தான் எறிந்தோம். வெறும் உறையோடு நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் வந்தால், “திறந்த பொதி எடுக்கேலாது”! திறக்காமல் ஏகார் ஊற்ற வழியிருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் ஏகார்த் தூளில் குறையில்லை, அதையும் சொல்லவேண்டும். நல்லாய் உறைகிறது. ஆகவே தயவுசெய்து 20 தட்டுகளையும் பஸ் காசையும் இரண்டு கிழமைக்குள் தாருங்கள். இல்லையேல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இந்தக் கடிதமும் படங்களும் போகும். அந்தத் தொலைபேசி ஆள் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

புதுப்பொதியை மட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். போனமுறை சும்மா பையில் வந்ததால்தான் ஒட்டு விட்டது.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆய்வுகூடப் பொறுப்பாசிரியர்,
வடமராட்சி