தேடுகிறவர்களுக்காக உண்டியல் ஏந்தும் மகளுக்கு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. மாரி ஓய்ந்துவிட்டது, கடல் மட்டும் இன்னும் கலங்கலாகக் கிடக்கிறது. நீ அனுப்பிய நீண்ட செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போனில் கதைத்தால் பாதி விட்டுப்போகும், அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ஹலிஃபாக்ஸில் கடை வாசலில் உண்டியலோடு நின்றபோது ஒருவர், "விமானத்தில் தேடுவது அரசாங்கத்தின் வேலையல்லவா, உங்களுக்கு நாங்கள் ஏன் காசு தர வேண்டும்?" என்று கேட்டாராம். உனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை போவதா விடுவதா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். போ பிள்ளை. கட்டாயம் போ.

அவர் கேட்டதில் பிழையில்லை. கனடாவில் காணாமல் போன விமானத்தைத் தேடும் பொறுப்பு விமானப்படைக்குத்தான். விமானத்தில் தேட உதவும் தொண்டர்களின் அமைப்பான உங்கள் காசாரா 1986இல் அந்தப் படைக்குத் துணையாகத் தொடங்கியது. பறப்புக்கும் பயிற்சிக்கும் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து பணம் வருகிறது என்று நீயே சொன்னாய். அதை மறைக்காமல் அவரிடம் சொல். பிறகு அந்தப் பணம் எட்டாத இடத்தைச் சொல்: புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு ஹெட்செட், குளிர் உடுப்பு, நீங்கள் கூடுகிற அறைக்குச் சூடாக்கி என்று உன் செய்தியில் இருந்ததெல்லாம். "நல்ல காரியத்துக்கு" என்று பொதுவாகக் கேட்டால் சனம் சில்லறையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டும். இன்ன சாமானுக்கு என்று சொன்னால் நின்று கேட்கும். இங்கே மீனவர் சங்கத்தில் இத்தனை வருசம் பொருளாளராக இருந்தவன் சொல்கிறேன், நம்பு.

அரசாங்கம் இருக்கும்போது நாங்கள் எதற்கு என்ற கேள்வி இங்கேயும் உண்டு. இலங்கையின் பொறுப்பில் உள்ள தேடல் மீட்புக் கடற்பரப்பு நாட்டின் தரையைப்போல் 27 மடங்கு. சீனன்குடாவில் விமானப்படையின் கடல் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. நேவியின் டொக்யார்ட் நகரத்தோடு ஒட்டியே இருக்கிறது. 2022இல் இந்தியா ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானமும் தந்தது. இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருந்தும், ஒரு பதினெட்டு அடி ஃபைபர் போட் விடிந்தும் கரைக்கு வராவிட்டால் முதலில் என்ஜினை இழுப்பவன் பக்கத்து வாடிக்காரன்தான். கடலில் எந்த இடத்தில் வலை போட்டான், எந்த என்ஜின் கொண்டுபோனான், தண்ணீர்க் கான் எத்தனை ஏற்றினான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். விமானம் எழும்பினாலும் அவன் சொல்லும் திசையைக் கேட்டுத்தான் எழும்ப வேண்டும்.

இதில் நேரம்தான் எல்லாம். என்ஜின் நின்றுபோன போட்டை நீரோட்டம் மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் இழுத்தால் ஒரு நாளில் 44 கிலோமீட்டர் போய்விடும். எந்தப் பக்கம் போனது என்று தெரியாவிட்டால் அந்த 44ஐ ஆரையாக வைத்து ஒரு வட்டம் கீறிப் பார். ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் திருகோணமலை மாவட்டம் முழுக்கவே 2,727 சதுர கிலோமீட்டர்தான். இரண்டாம் நாள் முடியும்போது அந்த வட்டம் நாலு மடங்காகிவிடும். கச்சான் காற்று கரையிலிருந்து தள்ளுகிற மாதங்களில் இன்னும் மோசம், வங்காள விரிகுடா வாயைத் திறந்து கிடக்கிறது.

முன்பெல்லாம் போட் காணாமல் போன பிறகுதான் வீடு வீடாகக் காசு கேட்டுப் போவோம். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காசு கைக்கு வந்து, மண்ணெண்ணெய் வாங்கி, கான்களில் ஊற்றி, போட்டில் ஏற்றும்போது பொழுது உச்சிக்கு வந்துவிடும். கொடுக்க மனம் இருந்தது, நேரம்தான் போய்விட்டது. அதற்குப் பிறகு 2022 வந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்கு ஏறியது உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின மாதங்களில் அந்த விலை கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. கையில் காசை வைத்துக்கொண்டு, தேடப் போக வழியில்லாமல் கரையில் நிற்பது என்ன பாடு என்று அப்போது எல்லாருக்கும் விளங்கியது.

அதனால்தான் கடல் சும்மா இருக்கும் காலத்தில் சேர்க்க வேண்டும் என்று சங்கத்தில் விடாமல் கதைத்தேன். இப்போது ஒவ்வொரு போட்டும் மீன் விற்ற காசில் ஒரு சிறு பங்கு போடுகிறது. கரைவலைக்காரர் நல்ல மீன்பாடு விழுந்த அன்று போடுகிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற எங்கள் கூட்டாளிகள் தங்கள் பக்கத்தில் சேர்த்து வைக்கிறார்கள். கொட்டியாரக்குடாவின் எந்தக் கரையில் போட் தவறினாலும் இரண்டு கரையாலும் இறங்குவது என்று பேச்சு. எண்ணெய்க் கான்கள் நிரப்பியபடி பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு மூன்று வீட்டில் இருக்கிறது, நடுச்சாமத்தில் ஓடிப்போய்த் தட்டக்கூடிய வீடுகள்.

யாரும் காணாமல் போகாத மாதத்தில் காசு கேட்பதுதான் கஷ்டம் என்று நீ எழுதியது முழு உண்மை. அழுகிற தாயைக் காட்டிக் கேட்டால் கை தானாக நீளும். ஒன்றும் நடக்காத சனிக்கிழமையில், குளிரில் நின்று, இனி எப்போதோ வரப்போகும் ஒரு இரவுக்காகக் கேட்பது வேறு வேலை. அந்த வேலையைத்தான் நீ செய்கிறாய். தேடலில் பாதி அங்கேதான் முடிகிறது என்று நான் சொல்வேன்.

எங்களிடம் கருவாடு போடுகிற ஒரு அக்கா மாதம் தவறாமல் வருவார். காசு சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும், தாளெல்லாம் உப்புப் பிடித்து விறைத்துப்போய் இருக்கும். மேசையில் வைத்து ஒவ்வொன்றாக நீவி நேராக்கித் தருவார். பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தால் அப்படியே மடிக்க மாட்டார். கூட வருகிற பேத்தியிடம் கொடுத்து, பெயரும் தொகையும் சரியா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மடிப்பார். அவருடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அவரிடம் போய்க் கேட்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவராகத்தான் வந்தார்.

அவருக்காகவாவது கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் மீன் ஏலம் கூறுகிற இடத்தில் நின்று, வந்ததையும் போனதையும் சத்தமாக வாசிக்கிறோம். யாரும் கொப்பியை வாங்கிப் பார்க்கலாம். உங்கள் குழுவிலும் உண்டியலைத் திறக்கும்போது இரண்டு பேர் இருங்கள், எண்ணியதை அந்த இடத்திலேயே எழுதி ஒப்பம் வையுங்கள். நல்லவர்கள்தானே என்று விட்டுவிடாதே. நல்லவர்கள் மேல் சந்தேகம் விழாமல் காப்பதும் கணக்குத்தான்.

அப்புறம், தெருவில் உண்டியலோடு நிற்பது இழிவு என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள். பிரித்தானியாவில் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824 முதல் இருக்கிறது, இன்றும் பெரும்பாலும் மக்கள் கொடுக்கும் காசில்தான் ஓடுகிறது. 1886 டிசம்பரில் மெக்ஸிகோ என்ற கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன உயிர்காப்புப் படகுக்காரர் 27 பேர் ஒரே இரவில் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1891 ஒக்டோபரில் மான்செஸ்டர் தெருக்களில் படகையே ஊர்வலமாக இழுத்துக்கொண்டு போய்க் காசு சேர்த்தார்கள். டிராம் வண்டியின் மேல்தட்டில் இருந்தவர்களுக்கு எட்டுவதற்காக நீளக் கம்பில் பையைக் கட்டி நீட்டினார்களாம். தெருவில் நின்று தர்மக் காசு சேர்த்த முதல் பெரிய நாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கடலோரத்தில் இல்லாத ஊர் அது. அந்தச் சனம்தான் அள்ளிக் கொடுத்தது.

இனி அம்மாவின் பயம். நீ வெறும் உண்டியலோடு நிற்காமல், ஜன்னலோரம் இருந்து பார்ப்பவளாகப் பறக்கவும் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. நான் ஒரு கதை சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து எழும்பிய ஒரு கட்டலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கடற்படை வருவதைக் கண்டது. ஓட்டியவர் லெனர்ட் பேர்ச்சல், கனடாக்காரர், 413ஆம் படைப்பிரிவு. சுட்டு விழுத்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கைதியானார்கள், பேர்ச்சல் யுத்தம் முடியும்வரை சிறையில் இருந்தார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி எங்கள் திருகோணமலையில். சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்த கதையைப் பழைய ஆட்கள் சொல்லி நீயும் கேட்டிருப்பாய். அந்த 413ஆம் பிரிவு இன்று உன்னுடைய நோவா ஸ்கோஷியாவில், கிரீன்வூட் தளத்தில், தேடல் மீட்பு வேலை செய்கிறது. ஒருகாலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் எங்கள் கடலை ஜன்னலோரம் இருந்து பார்த்தார்கள். இப்போது இங்கே பிறந்த பிள்ளை அவர்களுடைய கடலைப் பார்க்கப் போகிறாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, விமானத்தில் சத்தி வந்தால் வாயில் அடக்க இஞ்சி கொண்டு போகச் சொல் என்றார். அதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பறக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வை. கண் களைத்தால் களைத்தது என்று சொல், மற்றவர் இடம் மாறட்டும். சரியாகப் பார்க்காத இடத்தைப் பார்த்தேன் என்று சொல்லாதே. நீ "இல்லை" என்று சொன்ன தேடல் கட்டத்துக்கு உடனே இன்னொரு விமானம் வராது.

எங்களுக்கு நீ காசு அனுப்ப வேண்டாம், அந்தக் காசை உங்கள் உண்டியலில் போடு. எனக்கு வேண்டியது வேறு. எங்கள் போட்டெல்லாம் வெள்ளை அல்லது நீலம். அலை நுரைத்து நிற்கிற கடலில் மேலே இருந்து பார்ப்பவனுக்கு வெள்ளைப் போட்டும் நுரையும் ஒன்றுதான். கவிழ்ந்தாலும் தெரியும்படி அடிப்பக்கத்திலும் உள்ளேயும் செம்மஞ்சள் பூச வேண்டும் என்று நான் சொல்கிறேன். வடிவு கெட்டுவிடும் என்று பொடியன்கள் மறுக்கிறார்கள். பழைய சிடி ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தால் வெயிலில் மினுக்கிக் காட்டலாம் என்றதற்கும் சிரிக்கிறார்கள். மேலே இருந்து எது தெரியும், எது தெரியாது என்று உங்கள் பயிற்சியில் சொல்லித் தருவதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. எவ்வளவு உயரத்தில் பறப்பீர்கள், எந்த நிறம் கண்ணில் படும், தண்ணீரில் கிடப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று சின்னச் சின்ன வசனமாக எழுது. அப்பன் சொன்னால் கேட்காதவர்கள் கனடாவில் விமானத்தில் ஏறுகிற அக்கா சொன்னால் கேட்பார்கள். மாதக் கடைசியில் கணக்கு வாசிக்கும்போது அதையும் சேர்த்து வாசிக்கிறேன், அதற்கு முன் வந்து சேருகிற மாதிரி அனுப்பு.

அன்புடன்,
அப்பா