சிவப்பு சிலீவ் போட்ட டயோடுகளுக்கு நன்றி

மெய்நிகர் பின்பால் பெட்டி கட்டும் நண்பர்களுக்கு,

திரையில் ஓடும் பின்பால் பந்து விளையாட்டுக்கு நிஜ அதிர்வு தரும் என் பெட்டி நேற்றிரவு மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. பந்தைத் தட்டும் இடது ஃபிளிப்பரின் பொத்தானை அழுத்தியதும் கான்டாக்டர் (சுருளால் இயங்கும் பெரிய சுவிட்ச்) 'டக்' என்று அடித்த அதிர்வு உள்ளங்கை வரை ஏறியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரிலேயின் தொடுமுனைகள் பொசுங்கி, கணினியோடு யூ.எஸ்.பி. இணைப்பும் அறுந்து பெட்டி முடங்கிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும், விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. கணினி சொன்னபடி சுருள்களுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே போர்டை எல்லோரும் சந்தேகித்தபோது, "சுருள்களைப் பாருங்கள் தம்பி" என்றவர் அவர். சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரம் நிற்கும் கணத்தில் அதன் காந்தப்புலம் சரிந்து, நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த்து உதைக்கும். ரிலேயின் தொடுமுனைகளைப் பொசுக்குவதும், யூ.எஸ்.பி. இணைப்பைத் துண்டிப்பதும் அந்த உதைதான். சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு இருந்தால் அது அடங்கிவிடும்.

இவ்வளவு சொன்னதே பேருதவி. பிறகு, நான் கேட்காமலேயே ஒரு தபால் கவர் வந்தது. உள்ளே 1என்4007 டயோடுகள். ஒவ்வொன்றின் இரு கால்களிலும் கம்பியைப் பற்றவைத்து, வெள்ளிக் கோடு உள்ள பக்கம் சிவப்பு சிலீவ் (சூட்டில் சுருங்கும் உறை), மறுபக்கம் கறுப்பு. சிவப்பு நேர்முனைக்கு. தலைகீழாக மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், யார் மாட்டினாலும் தவறாதபடி செய்திருந்தார். விலை என்று பார்த்தால் அற்பப் பொருள்தான். முகம் தெரியாத ஒருவனுக்காக அத்தனை சிலீவையும் சூடுகாட்டிச் சுருக்கியிருக்கிறாரே, அதற்கு என்ன கைம்மாறு செய்வேன்!

12 வோல்ட், 24 வோல்ட் சப்ளைகளுக்கு வயரிங் படம் வரைந்து தந்தவர், ஒரே வரிசை எண்ணோடு வந்த இரண்டு ரிலே போர்டுகளில், கணினி குழம்பாதபடி ஒன்றுக்கு வேறு எண் எழுதித் தந்தவர், மென்பொருள் உறைந்து ரிலே மூடியபடியே நின்றாலும் சுருள் கருகாதிருக்க ஃபியூஸ் போடச் சொன்னவர் என எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் (அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) போர்டுக்கு மாறச் சொன்னவர்களின் அக்கறையையும் மதிக்கிறேன். பெட்டியைக் குலுக்கும் ஷேக்கர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அது வேண்டும்தான். ஃபிளிப்பருக்கும் பம்பருக்கும் ஆன், ஆஃப் போதும். அந்த வேலைக்கு ரிலேயை நான் விடமாட்டேன்.

கவரில் இன்னும் சில டயோடுகள் மீதி இருக்கின்றன. அவற்றோடு அதே பாணியில் நானும் சிவப்பும் கறுப்புமாகச் செய்து சேர்த்து வைக்கப்போகிறேன். இதே தொல்லையில் யார் சிக்கினாலும் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.