அந்த ஆர்டரை எடுக்க வேண்டாம், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். நம் பட்டறைக்கு ஒருவர் ஒரு பாகத்தின் மாதிரியைக் கொண்டுவந்து, அதேபோல் கடைந்து தரச் சொல்லி ஆர்டர் கொடுத்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. உள்ளே மடித்து வைத்திருந்த மணக்குள விநாயகர் கோயில் திருநீறு உறைக்குள் கொஞ்சம் சிந்தியிருந்தது. மீதியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்றிரவே தம்பிக்குப் போன் செய்து, நான் எழுதும்வரை அந்த மாதிரியை மெஷினில் ஏற்றாதே என்று மட்டும் சொன்னேன். காரணத்தைப் போனில் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், உங்களுக்குக் காதில் விழாது, நடுவில் அம்மா போனை வாங்கி ஜாதகப் பேச்சுக்குத் திருப்பிவிடுவாள் என்பதால்தான் எழுதுகிறேன். தம்பி இதை அச்செடுத்துத் தருவான். மூவரும் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அம்மா கேட்டவற்றுக்குப் பதில். குளிர் இருக்கிறது. ஈரி ஏரியிலிருந்து காற்று அடிக்கும் நாள்களில் ஒரே இரவில் முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்துவிடுகிறது. வேறு அறைக்கு மாறியிருக்கிறேன். தெருமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் அறை என்பதால் குளிர்காற்று அவ்வளவாக உள்ளே வருவதில்லை. ஜன்னல் சிறியதாக இருந்தாலும் வெளிச்சம் போதும். வாடகையும் குறைவு, ஆனால் அதற்காக மாறவில்லை. இந்த மாதம் அனுப்பும் பணம் சற்றுக் குறையும். காருக்குப் பனிக்கால டயர் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டில் ஏரி மீன் வறுத்துக் கொடுத்தார்கள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து மிளகாய்த்தூள் போட்டு மறுபடி வறுத்துச் சாப்பிட்டேன்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் அம்மா "டை மேக்கர் தாத்தா" என்று பெயர் வைத்தவர். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் பிரஸ் டை செய்து ஓய்வு பெற்ற அவரைப் பற்றி, பனி தள்ளிக் கொடுத்தார், மெஷின் வைத்திருக்கிறார் என்று மட்டுமே இதுவரை எழுதியிருந்தேன். அந்த மெஷினில் அவர் என்ன செய்கிறார் என்பதை எழுதாமல் விட்டது, அம்மா பயப்படுவாள் என்பதற்காக. இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

அவருடைய கார் ஷெட்டில், கைச்சக்கரம் வைத்த ஒரு சிறிய மில்லிங் மெஷினுக்கு மூன்று அச்சிலும் மோட்டார் பொருத்தி, கம்ப்யூட்டரோடு இணைத்து, சிஎன்சியாக மாற்றி வைத்திருக்கிறார். அதில் அவர் கடைவது துப்பாக்கியின் உடல் பாகம். அமெரிக்காவில் மத்திய சட்டப்படி அது குற்றமில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடையில்லாத ஒருவர், விற்பதற்காக அல்லாமல் தன் சொந்த உபயோகத்துக்குத் தானே செய்துகொள்வதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. குழல், ஸ்பிரிங், கட்டை முதலான மற்றவை தபாலில்கூட வரும்; விசை அமைப்பு உட்காரும் அந்த உடல் ஒன்றைத்தான் சட்டம் துப்பாக்கியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் அலுமினியத்தில் அந்த உடலைப் பெரும்பாலும் முடித்து, கடைசிக் கடைசலை மட்டும் வாங்குபவரிடம் விட்டு விற்கும் வியாபாரம் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. 2014இல் டெக்சாஸில் ஒரு நிறுவனம் இதற்கென்றே மேசைமேல் வைக்கும் சிஎன்சி மெஷினையும் விற்கத் தொடங்கியது.

தாத்தாவுக்கு அந்த மெஷின் என்றால் இளக்காரம். பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவதெல்லாம் தொழிலா என்பார். வேலையின் மீது அவருக்கு இருக்கும் பித்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும், அப்பா. கடைந்து முடித்த உள்சுவரை நகத்தால் மெல்ல வருடுவார். நகத்தில் ஒரு கோடு தட்டுப்பட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். கடையும் டூலான எண்ட் மில் அதிர்ந்து விட்ட தடம் அது. இவ்வளவு இலேசான மெஷினில் அதிராமல் இருக்க, நம் பட்டறையின் பெரிய சிஎன்சி மெஷினான விஎம்சி ஒரே வெட்டில் எடுப்பதை இவர் பத்துப் பதினைந்து வெட்டாக எடுக்க வேண்டியிருக்கிறது. பிசிறை மெஷினில் விட மாட்டார், கையால்தான் எடுப்பார். இங்கே மில்லிமீட்டர் பேச்சே கிடையாது, எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கான தவ்தான். "ரெண்டு தவ் எடு" என்று பழைய லேத்தில் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே தவ் கணக்கை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடைத்த டூல்களுக்கும் வீணாக்கிய அலுமினியத்துக்கும் அவர் செலவிட்ட பணத்தில் கடையிலேயே இரண்டு துப்பாக்கி வாங்கியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய கைத்திறனை மெச்சுகிறேனே தவிர, அந்தப் பொருளின் மீது எனக்கு மதிப்பு வரவில்லை. இந்த நாட்டில் செய்தியைத் திறந்தால் துப்பாக்கிச் சூடு இல்லாத நாள் குறைவு. ஷெட்டுக்குள் போனால் கையைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொள்வேன், அந்தப் பாகத்தைத் தொட்டது கிடையாது. என்னைப்போல் வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே இங்கு குற்றம். புரோகிராமைக் கொஞ்சம் சரிசெய்து கொடு என்று அவர் கேட்டபோது விசாவைச் சொல்லி மறுத்துவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

தம்பி கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தத் தெருவில் ஒரு பையன், தனக்கும் ஒன்று கடைந்து கொடுங்கள், பணம் தருகிறேன் என்று தாத்தாவிடம் கேட்டான். எனக்கு எதிரிலேயே முடியாது என்றார். மெஷினையாவது ஒரு மணி நேரம் விடுங்கள், பொத்தானை நானே அழுத்திக்கொள்கிறேன் என்றான். அதற்கும் முடியாது என்றார். அவர் சொன்ன காரணத்தை நானும் பிறகு படித்து உறுதி செய்துகொண்டேன்: பிறருக்காக அந்த வேலையைத் தொழிலாகச் செய்யும் பட்டறை, மெஷினை மட்டும் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தால்கூட, உரிமம் பெற்ற உற்பத்தியாளராக இருக்க வேண்டும் என்று மத்திய ஆயுதத் துறை 2015இலேயே அறிவித்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் விதியை மேலும் இறுக்கி, எளிதில் முடித்துவிடக்கூடிய அரைகுறைப் பாகங்களையும் துப்பாக்கியாகவே கருதி, விற்பவருக்கு உரிமம், பொருளில் வரிசை எண், வாங்குபவரின் பின்னணிச் சோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்த விதி செல்லும் என்றார்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இன்னும் கடுமை. துப்பாக்கியைப் பொழுதுபோக்காகக் கடையவிடும் நாட்டிலேயே அடுத்தவனின் ஆர்டர் என்று வந்ததும் நிலைமை இப்படி.

இப்போது நம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் பட்டறைக்கு வருகிறேன். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் நினைப்பதுபோல் அது பம்ப் பாகமும் இல்லை, வந்தவர் சொன்னதுபோல் சினிமா படப்பிடிப்புக்கான பொம்மையும் இல்லை. தாத்தாவின் மேசையில் பார்த்துப் பார்த்துப் பழகிய உருவம் அது. பொம்மைக்கு எதற்கு விமானத்துக்குப் போடும் ரக அலுமினியம்? எதற்கு அவ்வளவு இறுக்கமான அளவு? வரைபடத்தில் கம்பெனிப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி பில் வேண்டாம், முன்பணம் ரொக்கமாக, வேலை இரவு ஷிப்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்திலும் அது இடறியதால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் சொந்த உபயோகத்துக்கு என்ற விலக்கே கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். அதைச் செய்யும் இயந்திரமும் அடங்கும். உரிமம் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். எனக்குத் தெரியாது, வரைபடம் கொடுத்தார்கள் கடைந்தேன் என்று தம்பி சொல்வதை யாராவது கேட்பார்களா என்பதை நம்பி ஒரு வேலையில் இறங்க முடியுமா? மெஷினும் பறிமுதலாகும், அதன் மேல் வாங்கிய கடன் மட்டும் நம்மிடம் மிஞ்சும்.

அந்தக் கடன்தான் அவனை இதில் தள்ளுகிறது என்று தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து பழைய மெஷினின் பேனல் போகாமல் இருந்திருந்தால் அவன் விஎம்சிக்குக் கடன் வாங்கியிருக்க மாட்டான். ஆயுத பூஜையன்று அந்தப் புது மெஷினின் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பழைய லேத்துக்குப் பக்கத்தில் நீங்கள் நின்ற படத்தை இங்கே கட்டிலுக்கு எதிரில் ஒட்டியிருக்கிறேன். தாத்தாவின் ஷெட்டுக்கு நான் எதற்குப் போகிறேன் என்று அம்மா கேட்பாள். துப்பாக்கிக்காக இல்லை, அம்மா. கூலண்டும் மெஷின் ஆயிலும் கலந்த அந்த வாசனைக்காகப் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபோது வந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான். இதை எழுத நினைக்கவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை இவை. அந்த மாதிரியைத் தம்பி தானாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். பெரியப்பா மகன் வக்கீல் அண்ணனை நாளைக்கே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் எப்படி ஒப்படைப்பது, என்ன எழுதிக் கொடுப்பது என்பதை அவர் சொல்லட்டும். வந்தவர் தந்த போன் நம்பரும் மாதிரியின் படமும் தம்பியிடம் அப்படியே இருக்கட்டும், எதையும் அழிக்க வேண்டாம். முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொட வேண்டாம்.

கடன் தவணைக்கு வழி இருக்கிறது. மாத்திரை மெஷின் பாகங்கள் வாங்கிக்கொண்டு எட்டு மாதமாகப் பணம் தராமல் இழுத்தடிக்கும் அந்தக் கம்பெனியின் பில்களை எடுத்து வையுங்கள். நம் பட்டறை சிறுதொழிலாக உத்யம் பதிவு செய்தது. 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, பேசிய தவணை எதுவாக இருந்தாலும், சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதற்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பதிவு எண், பில், அவர்கள் கையெழுத்திட்ட டெலிவரி சலான் மூன்றையும் தம்பி ஸ்கேன் செய்து அனுப்பினால் மனுவை நானே எழுதித் தருகிறேன். அதற்குள் வரும் இரண்டு தவணைக்கு நான் அனுப்புகிறேன். டயர் செலவு முடிந்துவிட்டதால் சிரமமில்லை.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் அம்மாவைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள், மூட்டு வலியோடு நிற்க முடியாது. ஜாதகத்தைப் பார்த்தேன், அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். வக்கீல் அண்ணன் வந்து போனதும் அவர் சொன்னதைத் தம்பி அன்றே எனக்குத் தெரிவிக்கட்டும்; இங்கு நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்