சண்முகத்துக்கு, மேடிசனிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியை எண்ணெய்த் தேய்ப்போடு விட்டுவிடாதே, ஈரோட்டில் நல்ல எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டு. ஒல்லி பேசினான். கிரகப்பிரவேசத்துக்கு நீ வரவில்லை என்று இன்னும் முறைப்பாக இருக்கிறான். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன், நீயே போய்ச் சமாதானம் செய்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் சமுதாய வானொலியை உன் தலையில் கட்டிவிட்டார்கள், "நான் இயற்பியல் வாத்தியார், எனக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம், எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவா" என்று கேட்டிருந்தாய். ஒதுங்காதே. அமெரிக்காவில் நான் குடியிருக்கும் இந்த மேடிசனில் வானொலியைத் தொடங்கி வைத்ததே ஓர் இயற்பியல் வாத்தியார்தான்.

ஏர்ல் டெரி என்று பெயர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், முதல் உலகப் போர் நடந்த காலம். நிலையத்தின் பெயர் 9எக்ஸ்எம். ஒலிபரப்புக் கருவிக்கு வேண்டிய வெற்றிடக் குழாய்களை அவரும் மாணவர்களும் ஆய்வுக்கூடத்திலேயே கையால் செய்தார்கள். கண்ணாடியை ஊதி, உள்ளே இழையையும் தகட்டையும் பொருத்தி, காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு மூட வேண்டும். பாடுபட்டுச் செய்தது எரிந்து போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் லேபில் ஒரு டயோடு போனதற்கே நீ அன்று என்ன குதி குதித்தாய், ஞாபகம் இருக்கிறதா? 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் தனியார் நிலையங்களை மூடச் சொல்லிவிட்டார்கள். கடற்படையோடு சேர்ந்து சோதனை செய்துகொண்டிருந்ததால் இது தப்பியது.

இவ்வளவு பாடுபட்டு அவர்கள் முதலில் ஒலிபரப்பியது என்ன தெரியுமா? வானிலை. 1916 டிசம்பரில் தந்திபோல் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டில் ஆரம்பித்து, 1921 ஜனவரியிலிருந்து தினமும் மனிதக் குரலில் வானிலை. அப்புறம் விவசாயிகளுக்குச் சந்தை விலை. 1922இல் டபிள்யூஎச்ஏ என்று பெயர் மாறியது. இன்றும் அது பல்கலைக்கழகத்தின் நிலையம்தான். காரில் போகும்போது நான் கேட்பதும் அதைத்தான்.

காரணம் இல்லாமல் இது நடக்கவில்லை. சார்லஸ் வான் ஹைஸ் என்று ஒரு பல்கலைக்கழகத் தலைவர் இருந்தார். பல்கலைக்கழகத்தால் வரும் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும்வரை தனக்குத் திருப்தி கிடையாது என்று 1905லேயே பேசியவர். வரி கட்டுகிற விவசாயி வாசல்படி ஏறி வந்து கேட்க வேண்டியதில்லை, நாம்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி எண்ணியவர்கள் கையில் வானொலி கிடைத்தால் சும்மா இருப்பார்களா?

1931இல் வானொலிப் பள்ளி தொடங்கினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்றிருந்த கிராமப் பள்ளிகளுக்கு அதன் வழியாகப் பாட்டு வாத்தியார் கிடைத்தார். எட்கர் கோர்டன் வானொலியில் சொல்லிக்கொடுத்த பாட்டுகளை, வருஷம் ஒருமுறை பிள்ளைகள் மேடிசனில் கூடி ஒன்றாகப் பாடுவார்களாம். ஒருவரையொருவர் பார்த்தே இராத பிள்ளைகள்! இதைவிட எனக்கு ஆச்சரியம், ஜேம்ஸ் ஷ்வால்பாக் 1936இலிருந்து வானொலியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பால்பண்ணைக் குடும்பம், சின்ன வயதில் அதைக் கேட்டவர். "கதை சொல்வார், இசை போடுவார், மனதில் வந்ததை வரையச் சொல்வார். நான் மாட்டுக்கு நீல நிறம் அடித்தேன், யாரும் தப்பு என்று சொல்லவில்லை" என்றார். சொல்லும்போது விரலால் மேஜைமேல் அந்த மாட்டை வரைந்தே காட்டினார், கொம்பிலிருந்து ஆரம்பித்து.

அந்தப் பள்ளியைக் கேட்டு வளர்ந்த இன்னொரு பையன் பில் சீமரிங். மாணவனாக இதே நிலையத்தில் வேலை பார்த்தவர். 1970இல் அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி பிறந்தபோது அதன் நோக்க அறிக்கையை எழுதியவரும் அவர்தான்.

இதையெல்லாம் இப்போது ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன் என்றால், மனசு ஆறவில்லை. பொது ஒலிபரப்புக்கு என்று 1967இல் சட்டம் போட்டு, அதன்படி அமைத்த கழகம் வழியாக அமெரிக்க மத்திய அரசு கொடுத்து வந்த பணத்தை 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலர். பெரிய நகரத்து நிலையங்கள் நேயர்களின் நன்கொடையில் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஆள் குறைவான வட்டாரங்களில், அக்கம்பக்கம் வேறு உள்ளூர்க் குரலே இல்லாத இடத்தில், யாரிடம் போய்க் கையேந்துவது? பென்சில்வேனியாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் நிலையத்தை மூடுவதாகவே முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பிலடெல்பியா நிலையத்திடம் ஒப்படைக்க ஒத்துக்கொண்டது. நூலகம் லாபம் தருகிறதா என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை, வானொலியை மட்டும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நாங்கள் மாதாமாதம் கொடுப்பதைக் கூட்டிவிட்டோம். பாட்டியும்தான்.

இப்போது உன் கதை. அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லி, 2002 கடைசியில்தான் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி நடத்த அனுமதி வந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. அப்படி வந்த உரிமத்தை வைத்துக்கொண்டு உங்கள் நிர்வாகம் நாள் முழுக்க சினிமாப் பாட்டும் அட்மிஷன் விளம்பரமும் போடச் சொல்கிறதா? நேராகப் போய் மறுத்துப் பேசு. 100 வாட்டுக்குள் ஒலிபரப்பினால் உனக்குக் கிடைப்பது 10, 12 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் எத்தனை மஞ்சள் காடு, எத்தனை வாழைத் தோட்டம்! சொந்தமாகச் செய்தி வாசிக்கத்தான் அனுமதி இல்லை. விடியற்காலையில் மஞ்சள் விலை சொல், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்று சொல், மழை வருமா என்று சொல். பக்கத்து அரசுப் பள்ளிக்கு வாரம் ஒரு அரைமணி கொடு. பாட்டு, கதை, அறிவியல், எது வேண்டுமானாலும். பேச உன் மாணவப் பசங்களை அனுப்பு. ஆனால் எழுதி வாசிக்க விடாதே, நம் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும்.

டிரான்ஸ்மிட்டரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். நீதான், வேறு யார்? நம் சீனியர் அக்கா கோயம்புத்தூரில் வானொலியில் நிகழ்ச்சி செய்தவர், அவரை ஒரு நாள் கூப்பிட்டுப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல். நீ கேட்டால் வருவார், நான் கேட்டால் திட்டுவார்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். நல்ல மைக் ஒன்றும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் வாங்கி வருவதாக இருக்கிறேன். வேறு ஏதாவது தேவையென்றால் இப்போதே எழுது, கடைசி நேரத்தில் பட்டியல் அனுப்பாதே. கல்லூரி முதல்வரைப் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்பதையும் உடனே எழுது.

அன்புடன்,
ரகு